கை புகாத இடத்து மெருகு

 

தீபாவளி நெருங்கும்போது சிராங்கூன் சாலைக் கடைகளில் முறுக்கு உரல்கள் அடுக்கி வைக்கப்பட்டிருப்பதை நாம் கண்டிருக்கிறோம். உரலில் மாவை இட்டு அழுத்துகிறோம். அச்சின் துளை வழியே மாவு வெளிவருகிறது. நம் கண் முறுக்கின்மீதே இருக்கும். துளையை எவரும் நோக்குவதில்லை. இன்று ஒரு கணம் அத்துளையை நோக்குவோம். மாவுடன் கடினமான நுண்மணலைக் கலந்து, அதே துளை வழியே நூறு முறை முன்னும் பின்னும் பிழிந்தால் என்ன ஆகும்? முறுக்கு உண்ணத் தகாததாகும். ஆனால் துளையின் உட்சுவரில் இருந்த பிசிறுகள் தேய்ந்து, சுவர் வழவழப்பாகிவிடும்.

நாம் பேசவிருக்கும் தொழில்முறையின் அடிப்படை இவ்வளவே. ஆங்கில வழக்கில் அப்ரேசிவ் ஃப்ளோ மெஷினிங் எனப்படும் இதனை, உராய்துகள் பாய்ச்சி மெருகிடல் என்று இவ்வுரையில் குறிப்போம்.

இதற்கும் சிங்கப்பூருக்கும் என்ன தொடர்பு என வினவலாம். 1981இல் சாங்கி விமான நிலையம் செயல்படத் தொடங்கியது. அதனை அடுத்துள்ள லோயாங் வட்டாரத்தில் இன்று விமான எஞ்சின் பாகங்களைச் செப்பனிடும் பட்டறைகள் பல இயங்குகின்றன. எஞ்சினுக்குள் எரிபொருளும் குளிர்விக்கும் காற்றும் செல்லும் பாதைகள் பல மிகக் குறுகியவை. வளைந்தும் கிளைத்தும் செல்பவை. அவற்றின் உட்சுவர் சொரசொரப்பாக இருப்பின் ஓட்டம் தடைப்படும். அதனினும் அஞ்சத்தக்கது வேறொன்று. அழுத்தம் மீண்டும் மீண்டும் ஏறி இறங்கும் உலோகத்தில் விரிசல் பெரும்பாலும் மேற்பரப்பிலுள்ள ஒரு கீறலிலோ குழியிலோதான் பிறக்கிறது. வெளிப்புறத்தைச் சாணைக்கல்லாலும் உப்புத்தாளாலும் தேய்க்கலாம். உட்புறத்துக்குக் கை எட்டாது, அரமும் நுழையாது.

உலோகத்தை முப்பரிமாணத்தில் அச்சிடும் முறை வந்தபின் இச்சிக்கல் பெருகியது. லீப் எஞ்சினின் எரிபொருள் முனையில் முன்னர் ஏறத்தாழ இருபது துண்டுகளை ஒட்டிச் செய்த பகுதி, இன்று ஒரே துண்டாக அச்சிடப்படுகிறது. லோயாங்கில் உள்ள ஜிஇ நிறுவனத்தின் நிலையம், உலோக அச்சு முறையில் வணிக விமான எஞ்சின் பாகங்களைப் பழுதுபார்க்க ஒப்புதல் பெற்ற முதல் நிலையம் தன்னுடையது என 2022இல் அறிவித்தது. அங்கு அச்சிடப்படுவது காற்றழுத்தி அலகின் நுனி. அது வெளிப்புற வேலை. உட்பாதையை அச்சிடும்போதோ, பாதி உருகிய உலோகத் துகள்கள் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. அச்சுச் சூட்டோடு வெளிவரும் சுவரின் சொரசொரப்பு சராசரியாகப் பத்து மைக்ரோமீட்டர் அளவில் இருப்பதுண்டு. நம் தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ எழுபது மைக்ரோமீட்டர். சிறிதுதானே என்று தோன்றும். விரிசலுக்கு அதுவே போதும்.

இம்முறை 1960களில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், எக்ஸ்ட்ரூட் ஹோன் நிறுவனத்தின்வழி வளர்ந்தது. 1970இல் காப்புரிமை வழங்கப்பட்டது. பாகத்தை நடுவில் இறுக்கி, மேலும் கீழும் இரு உருளைகளைப் பொருத்துவர். ஓர் உருளையிலுள்ள பொருள் பாகத்தினூடே மற்றோர் உருளைக்குத் தள்ளப்படும்; பின்னர் திரும்பி வரும். கார் சக்கரத்தில் நாம் அடைக்கும் காற்று இரண்டு பார் அழுத்தத்தைச் சற்றே தாண்டும். இங்கோ அழுத்தம் நூறு பாரையும் கடப்பதுண்டு.

தள்ளப்படும் அப்பொருளுக்குப் பெயரிடப் பெரிதும் சிந்திக்க வேண்டியதில்லை. களி என்பதே பொருந்தும். போரான் கலந்த சிலிக்கோன் களி அது. மேசைமீது வைத்தால் மெல்லப் பரவி ஓடும். விசையோடு இழுத்தால் முறியும். அதனுள் சிலிக்கன் கார்பைடு, அலுமினா அல்லது வைரத்துகள் கலந்திருக்கும். குறுகலான இடத்தில் களி இறுகித் துகள்களைச் சுவரோடு அழுத்துகிறது. அகன்ற இடத்தில் தளர்ந்து வாளா செல்கிறது. இக்கருவிக்கு வடிவம் இல்லை. பாதையின் வடிவமே அதன் வடிவம். பிசிறு, மெருகு, களி, சொரசொரப்பு: இவற்றுள் எச்சொல்லையும் நாம் புதிதாக ஆக்கவில்லை. வகுப்பில் இதை விளக்க அஞ்சும் ஆசிரியர்களுக்காக இதனை இங்கே சொல்லி வைக்கிறோம்.

இனி இம்முறையின் குறைகளைப் பார்ப்போம். விளம்பரக் கையேடுகள் இவற்றை விரைந்து கடந்துவிடும்.

களிக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்பது தெரியாது. ஒரே பாகத்தில் அருகருகே இரு துளைகள் உள்ளன. ஒன்றின் விட்டம் மற்றதைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் எனக் கொள்வோம். தேன் போன்ற எளிய திரவமாயின், குழாயில் ஓட்டம் ஆரத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. 1.2ஐ நான்கு முறை பெருக்கிப் பாருங்கள், மாணவர்களே: இரண்டைச் சற்றே தாண்டும். பெரிய துளைக்கு இரு மடங்கு ஓட்டம்! களி தேனினும் சிக்கலான பொருள். ஆயினும் போக்கு இதுவே. பெரிய துளை மேலும் பெரிதாகும், சிறியது புறக்கணிக்கப்படும். ஆகவே பாகத்தைப் பிடிக்கும் சட்டகத்திலேயே தடுப்புகளை அமைத்து ஓட்டத்தைப் பங்கிட வேண்டும். பொறியாளரின் திறமை பெரும்பாலும் அச்சட்டகத்தில்தான் வெளிப்படுகிறது.

களி நுழையும் வாயின் விளிம்புகளும் மழுங்கும். பிசிறு நீங்க அது வேண்டும்; கூர் விளிம்பு தேவைப்படும் இடத்தில் அதுவே கேடு. கோணிய துளையை இம்முறை நேராக்காது. ஒருபுறம் அடைபட்ட குழியில் பயனில்லை. களி சென்று திரும்ப வழி வேண்டுமே. உராய்வால் களி சூடேறி இளகும். காலையில் சரியாயிருந்த கணக்கு மாலையில் பிழைக்கும்.

கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் வி. கே. ஜெயினும் சுனில் ஜாவும் 2004இல் ஒரு மாற்றுவழியை வெளியிட்டனர். துகள்களோடு இரும்புப் பொடியையும் திரவத்தில் கலந்து, மின்காந்தத்தால் அதனை வேண்டிய இடத்தில் மட்டும் இறுகச் செய்தனர். அழுத்தத்தை மாற்றாமலே தேய்ப்பைக் கூட்டவும் குறைக்கவும் இதனால் இயன்றது.

மிகக் குறுகிய பாதையில் களியே நுழைய மறுக்கும். நம் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நாகலிங்கம் அருண் பிரசாந்தும் யோ சுவீ ஹாக்கும் 2018இல் வெளியிட்ட ஆய்வு, அச்சிட்ட பாகங்களின் உட்பாதைக்குக் களியை விடுத்து நீரை நாடியது. விரைந்து பாயும் நீரில் நுண்குமிழிகள் தோன்றி உடைகின்றன. உடையும் வேகமும் நீரில் கலந்த துகள்களும் சேர்ந்து, சுவரில் ஒட்டிய உலோகப் பொடியைப் பெயர்க்கின்றன. கப்பல் சுழலிகளை அரித்துக் கெடுக்கும் அதே குமிழிகள்தாம் இவை. இங்கு வேலைக்கு அமர்த்தப்பட்டிருக்கின்றன.

எம்முறையாயினும் இறுதி வேலை கழுவுதல். உள்ளே தங்கிய களித்துணுக்கு ஒரு குளிர்விக்கும் துளையை அடைத்தால், செய்த மெருகெல்லாம் வீண். எஞ்சின் இயங்கும்போது அவ்விடம் அளவுக்கு மீறிச் சூடேறும். எனவே பாகத்தைக் கரைப்பானில் கழுவி, காற்றைச் செலுத்தி ஓட்டத்தை அளப்பர். தேய்ந்த அளவை அறிய, முன்னர் எடுத்த எடையோடு ஒப்பிட்டு மீண்டும் நிறுப்பர். நுண்குழல் கேமராவை உள்ளே விட்டு ஒவ்வொரு வளைவையும் காண்பர். ஒரு வளைவில் ஐயம் எழுந்தாலும் பாகம் மீண்டும் கழுவும் தொட்டிக்கே செல்லும்.