குண்டர்ட்டின் பேரன்: ஜெர்மன் இலக்கியமும் உளவியலும்

(மட்டாஞ்சேரியில் தமிழ்த் தோழர்களின் வாசிப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஜெர்மன் இலக்கியத்துக்கும் உளவியலுக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். சுமை தூக்கியும் துணி வெளுத்தும் களைத்து வந்திருப்போரிடம் ஃப்ராய்டையும் யுங்கையும் பேசுவதா என்ற தயக்கம் எனக்கு இருந்தது. ஆனால் இந்தக் கதை நம் தெருவுக்கும் வந்து போன கதை.

பரதேசி யூதர்களின் செப்பேட்டைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதனைப் படித்து மொழிபெயர்த்து 1844-இல் சென்னை ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டவர் ஹெர்மன் குண்டர்ட். 1836-இல் இந்தியா வந்த அவர், மலையாளத்துக்கு முன் தமிழைக் கற்றவர். திருநெல்வேலியில் சில காலம் இருந்த பின்னரே தலச்சேரிக்குச் சென்றார். 1872-இல் வெளிவந்த அவருடைய மலையாள அகராதி இன்றும் என் மேசையில் உள்ளது. அவர் சார்ந்திருந்த பாசல் மிஷனின் ஓட்டுத் தொழிற்சாலைகள், அங்கு உழைத்தோரின் நிலை ஆகியவை தனியே பேசப்பட வேண்டியவை. அவருடைய மகள் மேரி 1842-இல் தலச்சேரியில் பிறந்தார். மேரியின் மகன்தான் நாவலாசிரியர் ஹெர்மன் ஹெஸ்ஸே.

1892-இல், பதினான்கு வயதில், ஹெஸ்ஸே மவுல்பிரான் சமயப் பள்ளியிலிருந்து ஓடிப்போனார். ஒரு நாள் கழித்துப் பிடித்துக் கொணர்ந்தனர். பாட்டனார் குண்டர்ட் கடிந்துகொள்ளவில்லை. மேதைகள் மேற்கொள்ளும் சிறு பயணமோ என்று புன்னகையுடன் கேட்டதாக ஹெஸ்ஸே பின்னாளில் நினைவுகூர்ந்தார். பெற்றோரோ பாட் போல் என்னும் ஊரில் கிறிஸ்டோஃப் புளூம்ஹார்ட் என்ற போதகரிடம் சிறுவனை ஒப்படைத்தனர். அங்கே அவன் தற்கொலைக்கு முயன்றான். வேண்டுதலால் குணமாகாதவனை மனநோயாளர் விடுதிக்கு அனுப்புமாறு போதகர் கூறிவிட்டார். ஷ்டெட்டன் விடுதியிலிருந்து அச்சிறுவன் தந்தைக்கு எழுதிய கடிதங்கள் சினமும் கைவிடப்பட்ட துயரமும் நிறைந்தவை.

அந்தப் புளூம்ஹார்ட் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1899-இல் சமூக ஜனநாயகக் கட்சியில் சேர்ந்து, அதனால் போதகர் பட்டத்தை இழந்து, பின்னர் வூர்ட்டம்பர்க் சட்டமன்றத்தில் அக்கட்சியின் உறுப்பினராக அமர்ந்தவர். தொழிலாளர் பக்கம் நின்ற நல்ல மனிதர். ஒரு வர்க்கத்தின் துயரை உணர்ந்த அவர், எதிரே அமர்ந்திருந்த ஒரு சிறுவனின் துயரை உணரவில்லை. இந்தச் செய்தியைப் படித்த நாளில் என்னால் வேறு வேலை செய்ய இயலவில்லை.

1916-இல் ஹெஸ்ஸே மீண்டும் நிலைகுலைந்தார். தந்தை மறைந்தார், இளைய மகன் கடும் நோயுற்றான், மனைவியின் மனம் சிதைந்துகொண்டிருந்தது. போர் வெறியைக் கண்டித்து எழுதியமைக்காக ஜெர்மன் ஏடுகள் அவரைத் துரோகி என்றன. அவர் லூசர்ன் நகரில் யுங்கின் மாணவரான லாங் என்ற மருத்துவரிடம் உளப்பகுப்பாய்வுக்குச் சென்றார். அதன் விளைச்சலே 1919-இல் புனைபெயரில் வெளிவந்த ‘டெமியான்’. ‘சித்தார்த்த’னின் முதற்பகுதியை முடித்தபின் நெடுநாள் எழுத்து ஓடவில்லை, 1921-இல் யுங்கிடமே சில அமர்வுகள் சென்றார். நூல் 1922-இல் நிறைவுற்றது. அதன் இரண்டாம் பகுதி வில்ஹெல்ம் குண்டர்ட்டுக்குக் காணிக்கை. அவரும் நம் அகராதிக்காரரின் பேரனே. தமிழில் திருலோக சீதாராம் மொழிபெயர்த்துள்ளார்.

இலக்கியம் உளவியலிடம் கடன் வாங்கியது என்று மட்டும் கருதிவிட வேண்டா. மருத்துவராகவும் இருந்த வியன்னா எழுத்தாளர் ஷ்னிட்ஸ்லரைச் சந்திக்கத் தாம் தயங்கியது, தம் இரட்டையரையே காணும் அச்சத்தால்தான் என்று ஃப்ராய்டு 1922-இல் அவருக்கே எழுதினார். 1930-இல் ஃப்ராய்டுக்கு வழங்கப்பட்டது கதே பெயரிலான பரிசு.

நம் மரபில் இவற்றையெல்லாம் ‘பூர்ஷ்வா அகவயவாதம்’ என்று ஒதுக்கியவர் உண்டு. வில்ஹெல்ம் ரைஹ் 1933-இல் கம்யூனிஸ்ட் கட்சியிலிருந்தும், அடுத்த ஆண்டு உளப்பகுப்பாய்வாளர் சங்கத்திலிருந்தும் விலக்கப்பட்டார்! ஹெஸ்ஸேயிடம் குறை இல்லாமல் இல்லை. அவருடைய சித்தார்த்தன் படகோட்டியாகிறான். அப்படகுக்குக் கூலி எவ்வளவு என்பதை அவர் கேட்பதில்லை. ஆனால் இம்மண்ணின் துறைமுகத் தொழிலாளர் 1953-இல் எதை எதிர்த்துக் குண்டடி பட்டனர்? சாப்பா முறையை. வேலைக்கான வில்லையைக் கூட்டத்தின் நடுவே வீசி எறிவர். மனிதர் ஒருவரையொருவர் மிதித்துப் பொறுக்க வேண்டும். கூலிக் குறைவோடு அவமானமும் அங்கே போராட்டத்தின் பொருளாக இருந்தது. அவமானம் மனத்தில்தானே தங்குகிறது?

இதனை வலியுறுத்த எனக்குச் சொந்தக் காரணமும் உண்டு. சென்ற ஆண்டு, கூட்டங்களுக்கு வருவதை நிறுத்திவிட்ட ஓர் இளந்தோழருக்கு விளக்கம் கேட்டு மலையாளத்தில் கடிதம் எழுதப்பட்டது. தமிழாக்கியவன் நான். ‘தனிமனிதப் போக்கு’, ‘ஊசலாட்டம்’ என்று பொருத்தமான சொற்களைத் தேடி அமைத்தேன். அவரிடமிருந்து ஒரே வரி பதிலாக வந்தது: இரவில் உறக்கம் வருவதில்லை. அதனை மலையாளத்தில் பெயர்த்துக் கோப்பில் சேர்த்தேன். உறுப்பினர் புதுப்பித்தலில் அவர் பெயர் இல்லை.

அடுத்த கூட்டத்தில் ‘சித்தார்த்த’னின் முதல் மூன்று இயல்களை வாசிப்போம், படியெடுத்து வருகிறேன். அந்தத் தோழரின் முகவரி என்னிடம் உள்ளது. ஞாயிறு காலை சென்று பார்க்க எண்ணியிருக்கிறேன். உடன்வர இயலும் தோழர்கள் இருவர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் தருக.