கட்டபொம்மன் படை கவசம் போட்டிருந்ததா?

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரை)



செயலாளர் அண்ணன் எனக்கு இரண்டு கட்டளை போட்டார். ஒன்று, இருபது நிமிஷத்துக்கு மேல் பேசக்கூடாது. இரண்டு, என் வேலையைப் பற்றிப் பேசி யாரையும் தூங்க வைக்கக்கூடாது. இரும்பு, எடை, வேகம் இவற்றை விட்டால் இயந்திரப் பொறியாளனுக்கு வேறு என்ன தெரியும்? ஆகவே இரும்பைப் பற்றித்தான் பேசப் போகிறேன்; ஆனால் தொழிற்சாலை இரும்பு இல்லை. போர்வீரன் தலையிலும் மார்பிலும் மாட்டிவிடப்பட்ட இரும்பு.

நம்ம கரிசல் காட்டில் எந்தப் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குப் போனாலும் ஒரு கட்டபொம்மன் உண்டு. பையனுக்கு மை மீசை, ஜிகினா ஒட்டிய மார்புக் கவசம், அட்டையில் செய்த தலையணி, கையில் தகரக் கத்தி. எல்லாம் டிரஸ் வாடகைக் கடை உபயம். அதே உடுப்பு மறு வாரம் வேறொரு பள்ளியில் கர்ணனாகும். அடுத்த வாரம் ராஜராஜ சோழனாகும். விழாவுக்கு அது போதும், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்த மண்ணில் நிஜமாகவே சண்டை போட்டவன் என்ன போட்டிருந்தான் என்று கேட்டால், நம்மில் பலருக்கும் அந்த வாடகை உடுப்புத்தானே மனசில் வருகிறது? சங்கதி அங்கேதான் இருக்கிறது.

இது நமக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. முதலில் வெகு தூரத்தில் ஓர் உதாரணம் சொல்றேன். அப்புறம் நம்ம ஊருக்கு வருவோம்.

நார்வே, டென்மார்க், சுவீடன் பக்கம் எட்டாம் நூற்றாண்டிலிருந்து பதினோராம் நூற்றாண்டு வரை கடலோடிகளாகவும் கொள்ளையராகவும் வணிகராகவும் இருந்தவர்கள் வைக்கிங்குகள். வைக்கிங் படம் ஒன்று வரையுங்கள் என்றால் உலகம் முழுக்கக் குழந்தைகள் முதலில் வரைவது இரண்டு கொம்பு வைத்த தலைக்கவசம். வேடிக்கை என்னவென்றால், வைக்கிங் காலத்துக் கொம்புத் தலைக்கவசம் ஒன்றுகூட இதுவரை தோண்டியெடுக்கப்படவில்லை. 1943ல் நார்வேயில் யெர்முண்ட்பு என்ற இடத்தில் பத்தாம் நூற்றாண்டுத் தலைக்கவசம் ஒன்று கிடைத்தது. இரும்புத் தகடுகளைச் சேர்த்துச் செய்தது. கண்ணுக்கு மூக்குக்கண்ணாடி மாதிரி ஒரு காப்பு. கொம்பு இல்லை. அதோடு கிடைத்த இரும்பு வளையச் சட்டைத் துண்டுகளும் வசதி படைத்தவனின் சொத்து. சாதாரண வீரனுக்கு ஒரு மரக் கேடயமும் ஈட்டியும் கிடைத்தாலே பெரிசு.

அப்போ கொம்பு எங்கிருந்து வந்தது? டென்மார்க்கில் வெக்சோ என்ற இடத்துச் சதுப்பு நிலத்தில் 1942ல் கொம்பு வைத்த இரண்டு வெண்கலக் கவசங்கள் கிடைத்தது உண்மை. ஆனால் அவை கி.மு. 900 வாக்கில் செய்தவை. வைக்கிங்குகளுக்கு ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் மூத்தவை. சடங்குக்குச் செய்தவை என்பது ஆய்வாளர் கருத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியர்கள்தான் வடநாட்டு வீரர்களுக்குக் கொம்பு வைத்துப் பார்த்தார்கள். 1876ல் ஜெர்மனியின் பைராய்ட் நகரில் வாக்னரின் இசை நாடகம் அரங்கேறியபோது, உடை வடிவமைத்த கார்ல் எமில் டோப்ளர் அந்தக் கொம்பை மேடையில் ஏற்றினார். அன்று ஏறிய கொம்பு இன்றுவரை இறங்கவே இல்லை! மேடைக்குச் செய்த உடுப்பு வரலாற்றின் உடுப்பாகிவிட்டது.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். எங்க ஊர் இடைசெவல். கோவில்பட்டிக்கும் கயத்தாறுக்கும் நடுவில், நெடுஞ்சாலை மேலேயே இருக்கிறது. 1923ல் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த ஊர் என்றால் இலக்கியம் படித்தவர்களுக்குத் தெரியும். கதைக்குப் பஞ்சமில்லாத ஊர்க்காரன் நான். கதைகளோடு எனக்குச் சண்டை இல்லை. கதை எது, நடப்பு எது என்று பிரித்துத் தெரிந்துகொண்டு இரண்டையும் ரசிக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

கட்டபொம்மன் கதை முதலில் நாட்டார் பாடலாகவும் தெருவில் நடந்த கூத்தாகவும் வாழ்ந்தது. பிறகு நாடக மேடைக்குப் போனது. 1959ல் பி.ஆர். பந்துலு இயக்கத்தில் சிவாஜி கணேசன் நடித்து 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வெளிவந்தது. அந்த நடிப்புக்கு ஈடு இல்லை. அந்த மனிதர் அத்தோடு விடவில்லை; கயத்தாறில் தன் பணத்தில் இடம் வாங்கி 1970ல் சிலையும் வைத்தார். நாம் அவருக்குப் பட்ட கடன் அது. ஆனால் படத்தில் வந்த பளபளப்பு மேடையிலிருந்தும் திரையிலிருந்தும் வந்ததே ஒழிய, பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையிலிருந்து வந்தது அல்ல. அந்தப் பளபளப்பைத்தான் காலண்டர்காரர் எடுத்துக்கொண்டார், வாடகைக் கடைக்காரர் எடுத்துக்கொண்டார், பிளெக்ஸ் பேனர்காரர் எடுத்துக்கொண்டார். இப்போ கம்ப்யூட்டரில் நாலு வார்த்தை அடித்தால் அதுவே படம் வரைந்து தருகிறது. அது எதைப் பார்த்துக் கற்றது? நாம் ஏற்கெனவே வரைந்து வைத்ததைத்தான். டோப்ளரின் கொம்பு போன வழியில் நம்ம ஜிகினாவும் போகிறது.

அப்படியானால் நடப்பு என்ன? எதிரியே எழுதி வைத்திருக்கிறான். 1801 போரில் கம்பெனிப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி தன் படை நினைவுகளை 1830ல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். அதில் நமக்கு வேண்டிய விவரம் நிறைய இருக்கிறது. பாளையக்கார வீரனின் முக்கிய ஆயுதம் 18 முதல் 20 அடி நீள ஈட்டி. அதோடு துப்பாக்கி, வாள். சிவகங்கைப் பக்கம் வளரி. சின்ன மருதுவிடம் வளரி வீசக் கற்றதாகவே வெல்ஷ் எழுதுகிறார். தேர்ந்த கை எறிந்தால் நூறு கஜத்துக்குள் குறி தப்பாதாம். அவன் இடுப்பில் வரிந்து கட்டிய வேட்டி, தலையில் உருமா. அந்த உருமாவைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பல சுற்றாக இறுக்கிக் கட்டிய பருத்தித் துணி வாள் வெட்டின் வேகத்தை நன்றாகவே வாங்கிக்கொள்ளும். கரிசலில் விளைந்த பஞ்சுதான் அவனுக்குத் தலைக்கவசம்.

நம்ம ஆட்களுக்குக் கவசமே தெரியாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. 'மெய்ம்மறை' என்ற சொல் சங்க இலக்கியத்திலேயே இருக்கிறது. உடம்பை மறைக்கும் கவசம் என்று பொருள். அதே காலத்து வீரன் போருக்குப் போகும்போது வெட்சி, வஞ்சி, தும்பை என்று பூச்சூடிப் போனான் என்பதும் இலக்கணம். 1520 வாக்கில் விஜயநகரத்தில் கிருஷ்ணதேவராயரின் படையைப் பார்த்த டொமிங்கோ பயஸ் என்ற போர்த்துக்கீசியர், பஞ்சு வைத்துத் தைத்த மேலங்கிகளையும் அவற்றில் சேர்த்த தோலையும் இரும்புத் தகட்டையும் பற்றி எழுதியிருக்கிறார். திப்பு சுல்தானோடு தொடர்புடைய துணித் தலைக்கவசங்கள் இன்றும் இங்கிலாந்துச் சேகரிப்புகளில் உள்ளன. ஆக, கவசம் இருந்தது. ஆனால் அது பேரரசின் கஜானாவுக்குக் கட்டுப்படியாகிற சாமான். பாளையத்து வீரன் பாதி நாள் சம்சாரி, பாதி நாள் காவல்காரன். அவனுக்கு யார் வாங்கித் தருவது?

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்கு. ஆண்டவன் எனக்குக் கொடுத்த தொழில், விட முடியாது! இரும்பு வளையச் சட்டை ஒன்று பத்துக் கிலோ வரும். அதை மாட்டிக்கொண்டு சித்திரை வெயிலில் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள், எதிரி தேவையில்லை. அது போகட்டும், கவசம் காப்பாற்றியிருக்குமா? ஆள் பலத்தில் ஓங்கி வெட்டும் வாளின் ஆற்றல் சுமார் நூறு ஜூல். இரண்டு மில்லிமீட்டர் இரும்பு அதைத் தடுத்துவிடும். கம்பெனிச் சிப்பாயின் துப்பாக்கிக் குண்டு சுமார் முப்பது கிராம் ஈயம். குழலை விட்டு நொடிக்கு நானூறு மீட்டர் வேகத்தில் வந்தால், பாதி எடை பெருக்கல் வேகத்தின் வர்க்கம், 2,400 ஜூல் ஆகிறது. வாளைப் போல இருபத்து நான்கு மடங்கு! கிட்டத்திலிருந்து சுட்டால் அந்த மெல்லிய தகடு தாங்காது. தாங்குகிற கனத்தில் செய்தால் மனிதன் நடக்க முடியாது. அதனால்தான் ஐரோப்பாக்காரனே பதினெட்டாம் நூற்றாண்டுக்குள் பெரும்பாலும் கவசத்தைக் கழற்றிப் போட்டுவிட்டான். பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்க வந்த வெள்ளைக்காரச் சிப்பாயின் மேலும் இருந்தது துணிச் சட்டைதான்.

ஆகவே நம்ம வீரன் கவசம் இல்லாமல் நின்றது அறியாமை இல்லை. அவன் கவசத்தை உடம்பில் போடவில்லை, தரையில் போட்டான்.

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் பாருங்கள். வெல்ஷ் கணக்குப்படி இரண்டு பக்கம் சுமார் 500 அடி, மற்ற இரண்டு பக்கம் சுமார் 300 அடி. சுவர் பன்னிரண்டு அடி உயரம். முழுக்க மண். அந்த மண் கெட்டியானது, பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்வது என்கிறார். சுற்றிலும் முள்வேலி. கல் சுவரில் பீரங்கிக் குண்டு விழுந்தால் சிதறும். மண் சுவர் அதை விழுங்கிக்கொள்ளும். கொத்தளங்கள் சிறியவை, உள்ளே குழிவானவை. உடைந்த சுவர்மேல் ஏறி நிற்கிறவனைக் கீழே இருந்தே 20 அடி ஈட்டியால் குத்திவிடலாம். 1799 செப்டம்பரில் பானர்மன் படை தாக்கியபோதும் கோட்டை எளிதில் மசியவில்லை. அதன்பின் அதை இடித்தார்கள். 1801 பிப்ரவரி 2ல் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்ததும், சில நாட்களுக்குள் மக்கள் அதை மறுபடி எழுப்பினார்கள். மார்ச் 31ல் பெரிய தாக்குதல். சுவரில் ஏறியவர்கள் உள்ளே இறங்க முடியாமல் செத்தார்கள். மே 24ல்தான், கூடுதல் படையும் பீரங்கியும் கொண்டுவந்து பிடித்தார்கள். சில நாளில் கையால் அள்ளிக் கட்டிய மண் சுவர் மூன்று மாதத்துக்கு மேல் தாக்குப்பிடித்தது. என்னைக் கேட்டால் இதுதான் பொறியியல்.

இன்னொரு கவசமும் உண்டு. கோட்டை வீழ்ந்த பிறகு, காயம்பட்டுக் கிடந்த ஊமைத்துரையைப் பக்கத்து ஊர்ப் பெண்கள் தூக்கிப் போய்க் காப்பாற்றிய சம்பவத்தையும் வெல்ஷ் எழுதியிருக்கிறார். மகனைத் தேடிப் போன ஒரு தாய். சாகக் கிடந்த மகன், என்னை விட்டுவிட்டு அவரைக் காப்பாற்று என்று சொல்லியிருக்கிறான். தேடி ஆட்கள் வந்தபோது அந்தப் பெண்கள் ஊமைத்துரை மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்தி, அம்மையில் இறந்துவிட்டான் என்று ஒப்பாரி வைத்தார்கள். வந்தவர்கள் பயந்து ஓடிப்போனார்கள். இரும்பு செய்ய முடியாத வேலையை ஒரு முழத் துணி செய்தது. அதே ஆண்டு நவம்பர் 16ல் அவரைத் தூக்கிலிட்டார்கள் என்பது வேறு விஷயம். அன்றைக்கு அந்தத் துணி தாங்கியது.

போர் முடிந்ததும் கம்பெனி என்ன செய்தது? கோட்டைகளை இடித்தது, மக்களின் ஆயுதங்களைப் பிடுங்கியது. ஈட்டியும் வளரியும் ஊரை விட்டே போயின. பார்க்க எதுவும் மிஞ்சாத அந்த வெற்றிடத்தில்தான் மேடை உடுப்பு வந்து உட்கார்ந்தது.

உட்காரட்டுமே, என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் இருக்கிறது தம்பி. தலைவனுக்கு மின்னும் கவசம் மாட்டினால், கவசம் இல்லாத ஆயிரம் பேர் படத்தை விட்டு வெளியே போய்விடுகிறார்கள். மண் சுமந்தவன், இருட்டில் சுவர் எழுப்பியவன், ஈட்டி பிடித்தவன், துணி போர்த்திய கிழவி... அவர்களுக்கு வாடகைக் கடையில் உடுப்பு இல்லை. பேர் தெரியாத அவர்கள்தான் நம்ம தாத்தாவுக்குத் தாத்தா, பாட்டிக்குப் பாட்டி. இன்னொன்று, கவசம் போட்டவனின் தைரியத்தில் பாதி கவசத்துக்குச் சேரும். வெறும் மார்போடு 2,400 ஜூலுக்கு எதிரே நின்றவனின் தைரியம் முழுசும் அவனுக்கே சேரும். 1799 அக்டோபர் 16ல் கயத்தாறில், மற்ற பாளையக்காரர்கள் பார்த்திருக்க, கட்டபொம்மன் தூக்குக்கு நடந்த நடையைப் பானர்மனே தன் கடிதத்தில் எழுதுகிறான்: அஞ்சாமல், உறுதியாக, சுற்றி நின்றவர்களை இகழ்ச்சியாகப் பார்த்தபடி நடந்தாராம். கைதியின் உடம்பில் என்ன கவசம் இருந்திருக்கும்? அவர் உயரம் குறைந்தா போனது?

தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். அடுத்த முறை சென்னைக்குப் போனால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போங்கள். தந்தத்திலும் மரத்திலும் செய்த வளரிகள் அங்கே இருப்பதைத் தர்ஸ்டன் 1909லேயே எழுதியிருக்கிறார். பாஞ்சாலங்குறிச்சிக்குப் போனால், 1974ல் அரசு கட்டிய நினைவுக் கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், பழைய கோட்டை இருந்த மண்ணையும் ஒரு பிடி கையில் எடுத்துப் பாருங்கள். அதற்கும் நேரமில்லை என்றால், 20 அடி மூங்கில் ஒன்றைக் கொண்டுவந்து நம்ம கல்லூரி மைதானத்தில் நேராக நீட்டிப் பிடித்துப் பாருங்கள். அரை நிமிஷத்தில் தோள் வலிக்கும். அந்த வலிதான் நம்மிடம் மிஞ்சியிருக்கிற உண்மையான சரித்திரம்.

பந்தி தயார் என்று செயலாளர் அண்ணன் கை காட்டுகிறார்.