இசைக் கருவியும் மின்வடமும்

இல்லத்திலிருந்தே நல்லிசை கேட்டு மகிழ விரும்புவோர் பலர், ஒலியிற் குறை காணுமிடத்து மின்வடத்தையே முதலில் ஐயுறுகின்றனர். விலையுயர்ந்த வடம் ஒன்றை வாங்கினால் இசை தெளியும் என நம்புகின்றனர். இந்நம்பிக்கை எவ்வளவு தூரம் பொருந்தும்?

இலங்கையின் வீடுகளுக்கு வருவது 230 உவோற்று அழுத்தமும் செக்கனுக்கு 50 சுற்றும் உடைய ஆடலோட்ட மின்சாரம். கருவியினுள் அது ஒருதிசை ஓட்டமாக்கப்பட்டு, கொள்ளளவிகளிலே தேங்கிய பின்னரே இசைக்குப் பயன்படுகின்றது. குளத்திலே தேங்கி மதகுவழி பாயும் நீருக்கு, அது வந்த வாய்க்காலின் அழகு ஒரு பொருட்டாவதில்லை அன்றோ? 1 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பிகளாலான 2 மீற்றர் வடத்தின் தடை, போக்கும் வரவும் சேர்த்து, ஏறத்தாழ 0.07 ஓம் மட்டுமே.

ஆயினும் சில வீடுகளில் உறுமல் கேட்பது உண்மையே. இரு கருவிகள் வெவ்வேறு மின்குதைகளிற் புவித்தொடுப்புப் பெறும்போது, அத்தொடுப்புகளும் கருவிகளை இணைக்கும் இசைக்கம்பியும் சேர்ந்து ஒரு வளையமாகின்றன. அவ்வளையத்தில் ஓடும் சிறு மின்னோட்டமே உறுமலாகின்றது. இரண்டையும் ஒரே குதையிலிருந்து இணைத்து, இசைக்கம்பியை மின்வடத்தினின்றும் விலக்கி வைத்தால் பெரும்பாலும் அது அடங்கும்.

உறுமலை ஒழிக்கவெனப் புவிக்கம்பியையே வெட்டிவிடுவோரும் உளர். அது பேராபத்து. உள்ளே கம்பியின் காவலி பழுதுற்றால், உலோகப் பெட்டியில் மின்சாரம் ஏறி நிற்கும். அதனைத் தொடும் குழந்தையின் உயிருக்கே கேடு விளையும். தளர்ந்த செருகியையும் வெடித்த வடத்தையும் உடனே மாற்றுக. புவிக்கம்பியில் மட்டும் கைவையாதிருக்க.