புரதங்களைக் கணக்கெடுத்தல்



நான் தலைமையாசிரியராய்ப் பொறுப்பேற்ற முதல் ஆண்டில் ஒரு பிழை செய்தேன். மாணவர் ஒவ்வொருவரும் ஒரு மரக்கன்று நடவேண்டும் என்று வகுப்புதோறும் சுற்றறிக்கை அனுப்பினேன். எல்லா வகுப்புகளுக்கும் அறிக்கை சென்றதைக் கண்டு, எல்லாரும் நட்டுவிட்டதாகவே மேலிடத்திற்கு எழுதியும் விட்டேன். மாலையில் தோட்டத்திற்குப் போய் எண்ணிப் பார்த்தால், கன்றுகள் பாதிகூட இல்லை! ஆணை வேறு, செயல் வேறு என்பதை அன்று உணர்ந்தேன். உயிரணுவை ஆராயும் அறிஞர்களும் இதே பாடத்தைக் கற்க நேர்ந்தது.

புரதங்களை ஆக்குவதற்குரிய மரபணுக்கள் மனித உடலில் ஏறத்தாழ 20,000 உள்ளன. மரபணுவின் செய்தியைப் படியெடுத்துச் செல்வது தூது ஆர்.என்.ஏ. அச்செய்தியின்படி புரதம் உருவாகிறது. உணவைச் செரிப்பது, தசையைச் சுருக்குவது, நோயை எதிர்ப்பது ஆகிய வேலைகளையெல்லாம் செய்பவை புரதங்களே.

1995-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பாட்ரிக் பிரௌனும் அவருடைய துணைவர்களும் ஒரு சிறு செடியின் 45 மரபணுக்களுடைய தூதுச் செய்திகளை ஒரே கண்ணாடித் தகட்டில் அளந்து காட்டினர். அது பெரிய வெற்றிதான். ஆயினும் அது சுற்றறிக்கைகளை எண்ணியதே தவிர, கன்றுகளை எண்ணியது அன்று. ஒரு தூதிலிருந்து புரதம் மிகுதியாக உண்டாகலாம். மற்றொன்றிலிருந்து சிறிதே உண்டாகலாம். உண்டானதும் விரைவில் சிதைந்து போகலாம்.

புரதத்தின் அளவை அறிவதால் என்ன பயன் என்று கேட்பீர்கள். மார்பகப் புற்றுநோயாளிகள் சிலருடைய உயிரணுக்களின் மேற்பரப்பில் ஹெர்-2 என்னும் புரதம் அளவுக்கு மிஞ்சிக் காணப்படும். 1998-இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்ட டிராஸ்டுசுமாப் என்ற மருந்து இத்தகையோருக்கென்றே அமைந்தது. ஆகவே, அளவில் பிழை நேர்ந்தால் மருத்துவத்திலும் பிழை நேரும். இங்கே அளப்பது ஒரு புரதம். பல புரதங்களை ஒரே வேளையில் அளப்பது எப்படி?

அதற்கு உதவுவதே மைக்ரோஅரே என்னும் நுண்புள்ளி வரிசை. தேர்வுக் கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணைக் கண்டே அந்த இடத்துக்கு உரியவர் யார் என்று சொல்லிவிடலாம் அல்லவா? அதுபோல, நுண்பெருக்கியில் வைக்கும் கண்ணாடித் தகட்டின்மேல் வரிசை வரிசையாக நுண்ணிய புள்ளிகளை இடுகின்றனர். ஒவ்வொரு புள்ளியிலும் ஒருவகை எதிர்ப்பொருள் இருக்கும். அது தனக்குரிய புரதத்தைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது.

ஆராய வேண்டிய உயிரணுக்களைச் சிதைத்து, அவற்றின் புரதங்களுக்குச் சிவப்பாய் ஒளிரும் சாயம் ஏற்றுகின்றனர். ஒப்பிடுவதற்கான புரதங்களுக்குப் பச்சைச் சாயம். இரண்டையும் கலந்து தகட்டின்மேல் ஊற்றிக் கழுவியபின், ஒளியைச் செலுத்திப் படமெடுக்கின்றனர். சிவப்பு மேலோங்கினால் அப்புரதம் ஒப்பீட்டுக் கலவையில் இருப்பதைவிட மிகுதி. பச்சை மேலோங்கினால் குறைவு.

முறை எளிதாய்த் தோன்றுகிறது. ஆனால், எதிர்ப்பொருள் தனக்குரிய புரதத்தை விட்டு வேறொன்றைப் பற்றிக்கொண்டால்? புள்ளி அப்போதும் ஒளிரும். ஆனால் அது சொல்வது பொய்யாகிவிடும். இதனைச் சோதிக்க, 2001-ஆம் ஆண்டில் பிரையன் ஹாப், மைத்ரேயா டன்ஹாம், பாட்ரிக் பிரௌன் ஆகியோர் 115 இணைகளை எடுத்துக்கொண்டனர். புரதங்களின் அளவைத் தாமே அறிந்து கலவைகளைச் செய்து, தகடு காட்டும் விடையோடு ஒப்பிட்டனர். மில்லிலிட்டருக்கு 1.6 மைக்ரோகிராம் அல்லது அதற்குக் குறைந்த செறிவில் தமக்குரிய புரதத்தைச் சரியாக அளந்த எதிர்ப்பொருள்கள் 20 விழுக்காடே!

நூற்றுக்கு இருபது என்றால் நம் பள்ளிக் கணக்கில் தேர்ச்சி இல்லை. ஆனால் அவ்வறிஞர்கள் அதனை மறைக்கவில்லை. ஆராய்ச்சி இதழில் வெளியிட்டனர். எந்த எதிர்ப்பொருளையும் சோதித்துப் பார்த்த பின்னரே நம்பவேண்டும் என்பது அதனால் பின்வந்தோர்க்குத் தெளிவாயிற்று.

மாணவர்களே, நாளை நீங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒளிரும் புள்ளி ஒன்றைக் காணும்போது மகிழுங்கள். மகிழ்ந்த பிறகு, விடை தெரிந்த கலவை ஒன்றை அதே தகட்டில் இட்டுச் சோதித்துப் பாருங்கள். தோட்டத்திற்குப் போகாமலே அறிக்கை எழுதிய கிழவன் ஒருவன் உங்களுக்குச் சொல்லும் அறிவுரை இது.