உறங்கும் சில்லும் உறங்காத விளக்கும்

ஆளரவமற்ற காட்டில் மழைமானியொன்று நிற்கிறது. அதன் சிறு வாளி நிரம்பிக் கவிழும்போது மட்டும் உள்ளிருக்கும் நுண்கட்டுப்படுத்தி விழித்துக் கணக்கிடும்; மற்றைய வேளைகளில் துயிலும். ஏடிமெகா 328பி என்னும் சில்லு, 1.8 உவோற்றில் ஆழ்துயில் கொள்ளுங்கால், 0.1 மைக்குரோஅம்பியர் அளவு மின்னோட்டத்தையே வேண்டுவது. எனினும், 220 மில்லியம்பியர்-மணி கொண்ட நாணய வடிவ மின்கலம் 5 நாளும் தாங்காது போவதுண்டு. காரணம் யாது? சில்லைத் தாங்கும் பலகையிலே, 2 மில்லியம்பியரை விழுங்கும் அடையாள விளக்கொன்று ஓயாது எரிவதே! காட்டில் அவ்வொளியைக் காண்பார்தாம் யார்? அதனைக் கழற்றுதலே முதற்பணி. சில்லினுள்ளே மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் உறுப்பையும் துயிலுக்கு முன்னரே நிறுத்துதல் வேண்டும். தானாக அது நிற்பதில்லை. இணைப்பின்றி விடப்பட்ட உள்ளீட்டு முனைகளோ இரு நிலைகளுக்கிடையே தத்தளித்து மின்னை வீணாக்கும். சில்லின் உட்தடையைக் கொண்டு அவற்றை மேல்நிலையில் நிறுத்திவிட்டால் அவ்வீண்செலவும் ஒழியும்.