காக்கப் புறப்பட்ட படைகள்: போஸ்னியாவும் லிபியாவும் தரும் படிப்பினை

 

ஒரு நாட்டின் ஆட்சியாளரே தம் குடிமக்களைக் கொன்று குவிக்கும்போதும், உள்நாட்டுப் போரில் ஓர் இனத்தை மற்றோர் இனம் அழிக்க முற்படும்போதும், அந்நியப் படைகள் உள்ளே புகுந்து தடுக்கலாமா என்பதே இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருளாகும்.

இக்கேள்விக்கு நாமே இருவேறு விடைகளை அளித்திருக்கிறோம். 1995ஆம் ஆண்டு போஸ்னியாவில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டபோது, ‘உலகம் ஏன் கைகட்டி நிற்கிறது?’ என்று குமுறினோம். 2011ஆம் ஆண்டு லிபியாவின் மீது மேற்கத்திய விமானங்கள் குண்டு வீசியபோது, ‘இவர்களை யார் அழைத்தது?’ என்று கொதித்தோம். இரண்டு குமுறல்களுமே நேர்மையானவைதாம். ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் துணிவு நமக்கு வேண்டும்.

முதலில் போஸ்னியாவை நோக்குவோம். 1991 செப்டம்பரில் யூகோஸ்லாவியா முழுமைக்கும் ஆயுதம் அனுப்பக் கூடாதென ஐ.நா. பாதுகாப்பு அவை தடை விதித்தது. பார்வைக்கு அது நடுநிலையான முடிவு. ஆனால், 1992இல் போஸ்னியாவில் போர் மூண்டபோது பழைய யூகோஸ்லாவிய ராணுவத்தின் பீரங்கிகள் பெரும்பாலும் செர்பியப் படையினரின் கைக்கே சென்றன. ஆகவே, ஆயுதமற்று நின்றவர்களையே அத்தடை கட்டிப்போட்டது. எல்லோருக்கும் பொதுவான ஒரு விதி, வலியவனுக்குத் துணையாகிப்போனது.

1993 ஏப்ரலில் ஸ்ரெப்ரெனிட்சா நகரைப் ‘பாதுகாப்புப் பகுதி’ என ஐ.நா. அறிவித்தது. அந்தச் சொல்லை நம்பிப் பல்லாயிரம் அகதிகள் அங்கே தங்கியிருந்தனர். காவலுக்கு நின்றவர்களோ இலகுவான ஆயுதங்கள் மட்டுமே கொண்ட சில நூறு டச்சு வீரர்கள். 1995 ஜூலை 11 அன்று ராட்கோ மிலாடிச்சின் படை நகருக்குள் நுழைந்தது. அடுத்த சில நாட்களில் எட்டாயிரத்திற்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் படுகொலை செய்யப்பட்டனர். இஃது இனப்படுகொலையே என சர்வதேச நீதிமன்றம் 2007இல் உறுதி செய்தது. அந்த வீழ்ச்சி பற்றிய ஆய்வறிக்கை வெளியானதும், 2002இல் நெதர்லாந்து அரசே பதவி விலகியது.

அவ்வாண்டு ஆகஸ்ட் இறுதியில் நேட்டோ விமானங்கள் செர்பியப் படை நிலைகளைத் தாக்கின. தரையில் குரோஷிய, போஸ்னியப் படைகளும் முன்னேறின. நவம்பரில் டேட்டன் உடன்பாடு எட்டப்பட்டது. அதற்குள் மூன்றரை ஆண்டுகள் கழிந்து, ஏறத்தாழ ஒரு லட்சம் உயிர்கள் பறிபோயிருந்தன. ஒதுங்கி நிற்பதும் ஒரு செயலே. அதற்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதைப் போஸ்னியா நமக்கு உணர்த்துகிறது.

இனி லிபியா. 2011 பிப்ரவரியில் பெங்காசி நகரில் மக்கள் எழுச்சி தொடங்கியது. மார்ச் மாதம் கடாபியின் படைகள் அந்நகரை நெருங்கின. இரக்கம் காட்ட மாட்டோம் என்ற எச்சரிக்கையும் வந்தது. அரபு லீக்கே விமானத் தடை வலயம் வேண்டும் என்று கேட்டது. மார்ச் 17 அன்று பாதுகாப்பு அவை 1973ஆம் எண் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆதரவு பத்து வாக்குகள், எதிர்ப்பு இல்லை, இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகள் வாக்களிக்கவில்லை. இரு நாட்களில் விமானங்கள் வந்தன. பெங்காசியின் வாசலில் கடாபியின் படை நிறுத்தப்பட்டது. இதுவரை நடந்ததைக் குறை கூறுவது எளிதன்று.

ஆனால், குடிமக்களைக் காக்கவே அத்தீர்மானம் அனுமதி தந்தது. குண்டுவீச்சோ ஆட்சி வீழும்வரை ஏழு மாதங்கள் தொடர்ந்தது. ஆப்பிரிக்க ஒன்றியம் முன்வைத்த சமரசத் திட்டம் கைகூடவில்லை. அக்டோபர் 20 அன்று கடாபி கொல்லப்பட்டார்; அம்மாத இறுதியில் நேட்டோ தன் பணி முடிந்ததாக அறிவித்தது. லிபிய மக்களின் துன்பமோ முடியவில்லை. ஆயுதக் கிடங்குகள் சூறையாடப்பட்டன. அவ்வாயுதங்கள் பாலைவனம் கடந்து மாலி நாடு வரை சென்றன. 2014இல் மீண்டும் உள்நாட்டுப் போர் மூண்டு, நாடு இரு ஆட்சிகளாகப் பிளவுண்டது. 2023 செப்டம்பரில் பெரும் புயலின்போது, பராமரிப்பற்றுக் கிடந்த இரு அணைகள் உடைந்து டெர்னா நகரில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். கடாபிக்குப் பிந்தைய நாளுக்குத் திட்டமிடாததே தமது ஆட்சிக்காலத்தின் மிகப் பெரிய தவறாக இருக்கக்கூடும் என 2016இல் ஒபாமாவே ஒப்புக்கொண்டார்.

அப்படியானால் தலையிடாமலே இருந்திருக்கலாமே என்று சிலர் கூறலாம். அவர்கள் சிரியாவைப் பார்க்கட்டும். அங்கே மக்களைக் காக்கப் பாதுகாப்பு அவை எந்தப் படைக்கும் அனுமதி தரவில்லை. ஆயினும் லட்சக்கணக்கானோர் மடிந்தனர். இரு வழிகளிலும் இரத்தம் சிந்தியதை நாம் மறைக்க முடியாது.

இவ்விடத்தில் நம் ஜமாஅத் நடைமுறையையே எண்ணிப் பாருங்கள். இரு குடும்பங்களுக்கிடையே தகராறு முற்றினால் பெரியவர்கள் இருதரப்பையும் அழைத்துப் பேசுகின்றனர். ஒருவர் கை ஓங்கினால் அக்கையைப் பிடிக்கின்றனர். அத்தோடு எழுந்து வீட்டுக்குப் போய்விடுவதில்லை. சொத்தைப் பிரித்து, சொல்லை எழுதி வாங்கி, மீண்டும் இருவரும் சலாம் சொல்லிக்கொள்ளும்வரை பொறுப்பேற்கின்றனர். அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் ஒன்பதாம் வசனமும் இவ்வரிசையையே கற்பிக்கிறது: முதலில் சமாதானம், பிறகு வரம்பு மீறியவரைத் தடுத்தல், அவர் திரும்பியதும் மீண்டும் நீதியான சமாதானம். ஸ்ரெப்ரெனிட்சாவில் கை பிடிக்கப்படவில்லை. லிபியாவில் கை பிடிக்கப்பட்டது; ஆனால், அதன்பின் செய்ய வேண்டிய சமாதானத்தை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் புறப்பட்டுவிட்டனர்.

ஆகவே, நாளை வேறொரு நாட்டிற்கு ஒரு படை புறப்படும்போது, வாழ்த்துவதற்கும் வைவதற்கும் முன் நாம் சிலவற்றைக் கேட்போம். சமரசத்தின் எல்லாக் கதவுகளும் தட்டப்பட்டனவா? யாருடைய ஒப்புதலோடு செல்கின்றனர்? காப்பதற்கெனச் சென்றவர்கள் ஆட்சியை மாற்றத் தொடங்கினால் தடுப்பவர் யார்? துப்பாக்கி ஓய்ந்த மறுநாள் அங்கே தங்கி, நீதிமன்றத்தையும் மருத்துவமனையையும் எழுப்புபவர் யார்? இவற்றிற்கு விடையில்லாத படையெடுப்பை உதவி என்று அழைப்பதற்கில்லை.

இறுதியாக நமக்கே ஒரு கேள்வி. 1994இல் ருவாண்டாவில் ஏறத்தாழ நூறு நாட்களில் சுமார் எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டனர். கொலை நடந்துகொண்டிருக்கும்போதே ஐ.நா. தன் படையைச் சில நூறு பேராகக் குறைத்தது. போஸ்னியாவுக்காக அழுத நாம் அன்று எத்தனை பேர் அழுதோம்? நம்மவர் சாகும்போது ‘ஏன் வரவில்லை’ என்றும், பிறர் சாகும்போது மௌனமும் சாதித்தால் நம் கையிலுள்ள தராசும் பழுதுபட்டதே. வல்லரசுகளின் இரட்டை அளவுகோலைக் கண்டிக்கும் தகுதி, ஒரே அளவுகோலை வைத்திருப்போர்க்கே உண்டு.

அநீதிக்குள்ளானோர் எவராயினும் அவர்தம் பக்கம் நிற்கும் நெஞ்சுரத்தையும், பகைவரிடத்தும் நீதி வழுவாத நடுநிலையையும் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.