கையேடு தமிழில் வரட்டும்



நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956ஆம் ஆண்டில் தோன்றியது. வாளிகள் சுழன்று மண்ணை வெட்டும் பெரும்பொறிகள் செருமனியிலிருந்து வந்தன. முதல் அனல்மின் நிலையம் சோவியத்து நாட்டின் துணையால் எழுந்து 1962இல் மின் ஈந்தது. பொறியை இயக்கும் கை தமிழருடையது. கையேட்டின் மொழி எவருடையது? இக்கேள்வி இந்நகரியத்தார்க்குப் புதிதன்று. இன்று அதே கேள்வி கணிப்பொறியின் முன்னும் நிற்கின்றது. வேறுபாடு ஒன்றே. கட்டற்ற மென்பொருளின் கையேட்டைத் திருத்த, பொறி விற்றவனிடம் கையேந்த வேண்டியதில்லை.

1983இல் இரிச்சர்டு சுடால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். அவ்வழி வளர்ந்த மென்பொருளை எவரும் இயக்கலாம், ஆய்ந்தறியலாம், பிறர்க்கு வழங்கலாம், திருத்தி வெளியிடலாம். கையேடுகளும் பெரும்பாலும் அவ்வாறே திறந்து கிடக்கின்றன. நிரல் எழுதத் தெரிந்தவர்க்கே இங்கு வேலை என்றெண்ணித் தமிழறிந்தோர் பலர் ஒதுங்கி நிற்கின்றனர். கையேடு எழுத வேண்டுவன நல்ல தமிழும், மென்பொருளை இயக்கிப் பார்க்கும் பொறுமையுமே.

எழுதும் முறையும் கடினமன்று. 2004இல் சான் குரூபர் என்பார், ஆரன் சுவார்ட்சின் துணையோடு, மார்க்டவுன் என்னும் முறையை வெளியிட்டார். வரியின் தொடக்கத்தில் # என்னும் குறியிட்டு இடம் விட்டெழுதினால் அது தலைப்பு. சொல்லின் இருபுறமும் இவ்விரண்டு விண்மீன் குறியிட்டால் தடித்த எழுத்து. அரை நாளில் கற்கலாம்! கோப்பு வெறும் எழுத்தால் ஆயது. அவ்வெறுமையே அதன் வலிமை. ஒருகால் தமிழ்க் கோப்புகள் பாமினி போன்ற தனி எழுத்துருக்களுள் சிறைப்பட்டுக் கிடந்தன. அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் தமிழ் பொருளற்ற குறிகளாய்ச் சிதறித் தோன்றிற்று. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடமிருந்தும், தமிழக அரசு அதனை ஏற்றது 2010இல்தான். இடைப்பட்ட காலத்து எழுத்துகளுள் எத்தனை மாற்றுவாரின்றிக் கிடக்கின்றனவோ! ஒருங்குறியில் எழுதிய மார்க்டவுன் கோப்புக்கு அவ்விடர் இல்லை. 2005இல் இலினசு தோர்வால்டிசு உருவாக்கிய கிட் என்னும் கருவி, எவர் எவ்வரியை மாற்றினார் என்பதையும் காட்டிவிடும்.

இனி, சொல்லுக்கு வருவோர் கேட்க. கலைச்சொல் தொகுதிகள் தமிழில் பல உள. அவற்றுட் பல சொற்கள் உறங்குகின்றன. கையேட்டில் ஒரு சொல் உறங்க இயலாது. ‘நிறுவு’ என்பது நல்ல சொல். நிறுவியபின், நிறுவாவிடின், நிறுவப்பட்டது என எத்திரிபுக்கும் வளைகின்றது. வளையாத சொல்லைக் கையேடு ஒரே பக்கத்தில் காட்டிக் கொடுத்துவிடும். ஒரு பக்கத்தில் ‘கோப்புறை’, மறுபக்கத்தில் அதற்கே ‘அடைவு’ என்றெழுதினால், படிக்கும் மாணவன் இரண்டும் வெவ்வேறென மயங்குவான். ‘சேமி’ வடசொல் வழிவந்தது என வழக்காடுவோர் உளர். வழக்காடட்டும்! மாற்றுச் சொல்லை முதலில் கையேட்டில் ஆண்டு காட்டட்டும்.

தூய்மை நாடுவோர் ஓரிடத்தில் கைகட்டி நிற்றல் வேண்டும். கணிப்பொறிக்கு இடும் கட்டளையின் பெயரை மொழிபெயர்த்தல் ஆகாது. பெயர்த்தால் கட்டளை இயங்காது. பழி தமிழின்மேல் விழும். மார்க்டவுனில் கட்டளையைத் தனிக் குறிகளுக்கிடையே இட்டு வைப்பர். அக்குறிக்குள் இருப்பதைத் தொடாது, சூழ நிற்கும் விளக்கத்தைத் தமிழாக்குவதே முறை.

வழிகாட்டிகள் இல்லாமலில்லை. கணியம் இதழ் 2012 சனவரி முதல் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் விளக்கி வருகின்றது. அண்டையிலுள்ள விழுப்புரத்தில் குனு இலினக்சுப் பயனர் குழு ஒன்று சிற்றூர் மாணவர்க்குப் பயிற்சியளிக்கின்றது. மேடையில் ஆங்கிலத்தைப் பழித்தல் எளிது. ஒரு பக்கம் கையேடு எழுதுதல் அத்துணை எளிதன்று.

தொடங்குவோர் ஒரு சந்திப் பிழையைத் திருத்துவதிலிருந்தே தொடங்கலாம். கோப்பைப் படியெடுத்து, திருத்தி, ஏற்குமாறு வேண்டுகோள் அனுப்புக. பொறுப்பாளர் மறுக்கவும் கூடும். அவர் கூறும் கரணியத்தைப் படித்துப் பார்த்து, மீண்டும் அனுப்புக.